எல்லைப் பிரதேசப் பொருளாதாரமும் அரசின் ஆதரவும்: யாழ்ப்பாணக் குடாநாடு



"கிராமிய எல்லைப் பிரதேசம் ஒன்றின் பொருளாதார அபிவிருத்திக்கு அரசு வழங்கும் ஆதரவை உதாரணங்களுடன் விளக்குக." இவ்வகையான வினாவைக் கண்டதும் எங்கள் பிள்ளைகளிற் பலர் நான்கு சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். மானியம், கடன், பாதை, மின்சாரம். நான்கும் சரியானவையே. ஆனால் இந்த நான்கையும் ஹம்பாந்தோட்டைக்கும் எழுதலாம், மொனராகலைக்கும் எழுதலாம். "எல்லைப் பிரதேசம்" என்ற சொல்லுக்கு அந்த விடையில் வேலையே இல்லை. நீங்கள் பிறந்து வளர்ந்த குடாநாடே இவ்வினாவுக்கு மிகச் சிறந்த உதாரணமாக இருக்கும்போது, வேறிடம் தேடிப் போவானேன்?

இப்பாடத்தைப் படிக்கும்போது ஒவ்வோர் ஆதரவு பற்றியும் இரண்டு கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆதரவுக்கு யார் விலை கொடுத்தார்கள்? அது நின்றபின் என்ன மிஞ்சியது? இவ்விரண்டுக்கும் பதில் எழுதத் தெரிந்தவர் நான்கு சொற்களோடு நிற்கமாட்டார்.

எல்லைப் பிரதேசம் என்பது யாது?

யுத்த காலத்தில் "எல்லைக் கிராமம்" என்ற சொல் வேறு கருத்தில் வழங்கியதை உங்கள் பெற்றோர் அறிவர். இங்கு நாம் அதைக் கருதவில்லை. ஒரு நாட்டின் ஓரத்தில், இன்னொரு நாட்டுக்கு அண்மையில், தன் நாட்டின் தலைநகருக்குத் தூரத்தில் அமைந்த பிரதேசமே இங்கு எல்லைப் பிரதேசம் எனப்படுகிறது. இலங்கைக்குத் தரை எல்லை இல்லை, கடலே எல்லை. காங்கேசன்துறையிலிருந்து பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள கோடிக்கரை ஏறத்தாழ 60 கி.மீ. தூரத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்போ ஏறத்தாழ 400 கி.மீ. இந்த இரண்டு எண்களையும் மனதிற் பதித்துக்கொள்க. குடாநாட்டின் பொருளாதார வரலாற்றிற் பெரும்பகுதி இவற்றுள் அடங்கியுள்ளது.

பழைய காலத்தில் இந்தக் கடல் தடையாக இருக்கவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. அதற்கெனப் பயிரிடப்பட்ட வகையை இன்றும் முதியோர் "மலையாளப் புகையிலை" என்றே சொல்வர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைமுகங்களுக்குப் போய்வந்தன. பின்னர் மறுகரையில் இறக்குமதித் தீர்வைகள் உயர, அந்தப் புகையிலைச் சந்தை படிப்படியாகச் சுருங்கியது. இங்குள்ள செய்கையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. மறுகரையில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். எல்லைப் பிரதேசத்துக்கு இது ஓர் அடிப்படை இயல்பு. அங்குள்ள தோட்டக்காரனின் வருமானம் மண்ணிலும் மழையிலும் மட்டும் தங்கியிருப்பதில்லை; இரண்டு அரசாங்கங்களின் முடிவுகளிலும் தங்கியுள்ளது.

மிளகாயும் வெங்காயமும்: 1970 – 1977

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். மயோசீன் காலச் சுண்ணக்கல் மேலே செம்மண், கீழே நிலத்தடி நீர். வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கித் தேங்குகிறது. அதைக் கிணற்றால் இறைத்தே தோட்டம் செய்தனர். முன்பு துலா மிதித்து இறைத்தார்கள். பின்னர் மண்ணெண்ணெயில் இயங்கும் நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், சுன்னாகம், இணுவில், புத்தூர் முதலிய செம்மண் கிராமங்களின் செறிவான பயிர்ச்செய்கைக்கு இதுவே அடிப்படை.

ஆயினும் நீரும் மண்ணும் உழைப்பும் இருந்தால் மட்டும் போதாது. விளைந்ததை விற்க வேண்டும். செத்தல் மிளகாயும் வெங்காயமும் இந்தியாவிலிருந்து மலிவாக வந்திறங்கும் வரை உள்ளூர் உற்பத்திக்குப் பெரிய சந்தை கிடைக்கவில்லை. 1960களில் இலங்கைக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றால் வந்த வருமானம் இறக்குமதிக்குப் போதவில்லை. எனவே அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. 1970 இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசு இக்கட்டுப்பாடுகளை மேலும் இறுக்கியது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்பனவும் அவற்றுள் அடங்கின.

இங்கு ஒன்றைக் கவனிக்கவும். அந்த அரசு யாழ்ப்பாணத்தை முன்னேற்ற வேண்டும் என எண்ணி இதைச் செய்யவில்லை. டொலரையும் பவுணையும் மிச்சம் பிடிக்கவே செய்தது. ஆயினும் அதன் பயன் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒரு பிரதேசத்துக்குக் கிடைக்கும் அரச ஆதரவு எப்போதும் அந்தப் பிரதேசத்தின் பெயரால் வரவேண்டும் என்பதில்லை. "நேரடி ஆதரவு", "மறைமுக ஆதரவு" என்று பிரித்து எழுதச் சொன்னால் மறைமுக ஆதரவுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

விலை ஏறியது. குடாநாட்டுத் தோட்டங்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாறின. லொறிகள் கொழும்புக்குப் போயின. எனது அப்பப்பா எட்டுப் பரப்புத் தோட்டம் செய்தவர். (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், எட்டுப் பரப்பு அரை ஏக்கர்.) அந்த அரை ஏக்கரில் இரண்டு போக மிளகாய்க் காசு சேர்த்து மண்வீட்டைக் கல்வீடாக்கினாராம். இப்படிக் "மிளகாய் கட்டின வீடு" ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டு எழுதும் உதாரணம் மனதில் நிற்கும்.

அதே காலத்தில் 1970களின் தொடக்கத்திற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலினால் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக வாய்ப்பு, குறிப்பாக மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளில், குறைந்தது. உத்தியோகத்தை நம்பியிருந்த குடும்பங்களின் இளைஞர் பலர் மண்வெட்டியைக் கையில் எடுத்தனர். சிலர் வன்னிக்குப் போயினர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் அரசு முன்னரே ஆரம்பித்திருந்த படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் மிளகாய்ச் செய்கை நன்கு நடந்தது. ஒரு கையால் ஒரு கதவைச் சாத்திய அரசு, மறு கையால் இன்னொன்றைத் திறந்தது போலாயிற்று. சாத்தியதும் திறந்ததும் ஒன்றுக்கொன்று ஈடாகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை என்பதை விடையில் எழுதினால் உங்கள் விளக்கம் ஆழம் பெறும்.

இனி முதற் கேள்வி. யார் விலை கொடுத்தார்கள்? நுகர்வோர். நாடு முழுவதும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கூடிய விலை கொடுத்த குடும்பங்கள். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுசெல்லவும் தடையிருந்தது. மலையகத் தோட்டங்களிற் பட்டினியே நிலவியது. எனவே "1970 – 77 பொற்காலம்" என்று எழுதுபவர் "யாருக்கு?" என்பதையும் எழுதவேண்டும். குடாநாட்டுக்குள்ளும் அனைவருக்கும் பயன் ஒரே அளவிற் கிட்டவில்லை. சொந்தக் காணியும் கிணறும் உள்ளவர் உயர்ந்தார். காணியில்லாமற் கூலிக்கு இறைத்தவருக்குக் கூலி சற்று உயர்ந்தது. சாதிக் கட்டுப்பாட்டினாற் காணி வாங்கவே முடியாதிருந்தோர், விலை எவ்வளவு ஏறினாலும், பிறர் தோட்டத்திலேயே நின்றனர்.

1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வெற்றி பெற்றது. அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்துடன் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மீண்டும் வந்திறங்கின; உள்ளூர் விலை ஆட்டங்கண்டது. அறுவடை வேளையிலேயே இறக்குமதியும் வந்து சேர்கிறது என்ற முறைப்பாடு அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. 2007 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் விசேட பண்ட அறவீடு என்ற வரியை அறுவடைக் காலத்தில் உயர்த்தி உள்ளூர் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் பாதுகாப்பளிக்கும் முறை பின்னர் வந்தது. வரி உயரும் நாளைத் தோட்டக்காரரும் பார்த்திருப்பர், கொழும்பு இறக்குமதியாளரும் பார்த்திருப்பர். முந்திக்கொள்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி. என்ன மிஞ்சியது? கல்வீடுகள், ஆழமாக்கப்பட்ட கிணறுகள், இறைக்கும் இயந்திரங்கள், அந்தக் காசிற் படித்த பிள்ளைகள். கூடவே இன்னொன்றும் மிஞ்சியது. செறிவான செய்கைக்கு அள்ளிக் கொட்டிய இரசாயன உரத்தின் நைத்திரேற்று சுண்ணக்கல்லின் ஊடாக நிலத்தடி நீரிற் கலந்தது. பல தோட்டக் கிராமங்களின் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதந்துரைத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலாக நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எங்கள் முன்னோர் பட்டியடைத்தும் குழை தாழ்த்தியும் செய்த தோட்டங்களில் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இருக்கவில்லை.

அரச தொழிற்சாலைகள்

சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தோடு மூன்று தொழிற்சாலைகளைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. இவற்றுள் குடாநாட்டில் அமைந்தது சீமெந்துத் தொழிற்சாலையே. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. இடவமைவுக் காரணிகளுக்கு இது பாடப்புத்தகம் போன்ற உதாரணம். சுண்ணக்கல் காலடியில் இருந்தது. களிமண் மன்னார் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. அருகிலேயே துறைமுகம். பின்னாளில் இங்கு உற்பத்தியான கிளிங்கர் கப்பலில் காலிக்குப் போய், அங்கு அரைக்கப்பட்டுச் சீமெந்தானது. வடக்கின் கல், தெற்கின் ஆலை, நடுவே கப்பல்! நாட்டின் இரு முனைகளும் ஒரு பொருளால் இணைந்திருந்த காலம் அது.

பரந்தன் தொழிற்சாலை குடாநாட்டின் வாசலுக்கு அப்பால் உள்ளது (அப்போது அதுவும் யாழ்ப்பாண மாவட்டமே; கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல்). ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் அங்கு தயாராயின. ஒரு தொழிலின் விளைபொருள் அடுத்த தொழிலின் மூலப்பொருளாவதைப் பரீட்சையில் "பின்னோக்கிய, முன்னோக்கிய இணைப்புகள்" என்பர்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகியது. நான் பிறந்த காலத்துக் கதை இது. தொழிற்சாலை புகைவிடுவதை நான் கண்டதில்லை, இடிந்த கட்டடங்களையே கண்டேன். கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் உள்ளன. மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, தொழிற்பயிற்சி என்பவற்றைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த அரச தொழிற்சாலை, நின்றபின் நிலத்தில் விட்டுப்போனது அதைத்தான். 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களிற் கைத்தொழில் வலயங்கள் அமைக்கும் முன்மொழிவு வந்தது. ஆனையிறவிலும் 2025 மார்ச்சில் மேசையுப்புத் தயாரிக்கும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பழைய பெயர்கள் மீண்டும் வருகின்றன.

பனைக்கும் ஒரு வரி. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை கைப்பணி, பனங்கட்டி, கூட்டுறவு முறையிலான கள்ளு, சாராய உற்பத்தி என்பவற்றோடு தொடர்புடையது. ஒரு பிரதேசத்தின் தனி வளத்துக்கெனவே அமைந்த நிறுவனம் என்பதால் நிறுவன ரீதியான ஆதரவுக்கு இதைக் காட்டலாம்.

மானியம் எனும் மெல்லிய நூல்

மானியம் பற்றி எழுதாத மாணவர் இல்லை. ஆனால் மானியம் நீக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று எழுதியவரை நான் இன்னும் காணவில்லை. கணக்காகவே செய்து பார்ப்போம்.

எங்கள் கரையோரக் கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் ஏழைகளின் எரிபொருள் என்பதால் அரசு அதன் விலையைத் தாழ்வாக வைத்திருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது, ஓகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. ஒரு படகு நாளொன்றுக்கு 20 லீற்றர் பாவிப்பதாகக் கொள்வோம். முன்பு செலவு 20 × 87 = 1740 ரூபா. பின்பு 20 × 340 = 6800 ரூபா. வித்தியாசம் 5060 ரூபா. மீன் அதே மீன். கடல் அதே கடல். குருநகரிலோ பருத்தித்துறையிலோ ஒரு தொழிலாளி அன்று காலை படகை இறக்குவதா விடுவதா என்று நின்றிருப்பார். தோட்டத்தில் மண்ணெண்ணெயில் நீர் இறைத்தவருக்கும் இதே கதைதான்.

அரசின் பக்க நியாயத்தையும் எழுதுங்கள். தாழ்ந்த விலையால் வரும் நட்டத்தைப் பொதுமக்களின் பணமே தாங்கியது. மலிவான மண்ணெண்ணெயை டீசலுடன் கலந்து வாகனம் ஓட்டியோரும் உண்டு. ஏழைக்கென வைத்த மானியம் ஏழையல்லாதவருக்கும் ஒழுகியது. பொருளின் விலையைக் குறைப்பதா, உரியவர் கையிற் பணமாகக் கொடுப்பதா என்ற விவாதம் இதிலிருந்து எழுகிறது. நான் இரண்டாவதையே விரும்புவேன். ஆனால் அதைச் செய்து முடித்த பின்னரே முதலாவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

உரத்துக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதே. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. மேலே நைத்திரேற்றுப் பற்றிப் படித்த நீங்கள், உரத்தைக் குறைப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். குறைப்பது வேறு, ஒரே நாளில் நிறுத்துவது வேறு.

பாதையும் புகையிரதமும்

இப்பகுதியை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். ஆண்டுகளை மட்டும் கவனமாகக் கற்றுக்கொள்க. ஏ9 வீதி 2002 யுத்தநிறுத்தத்தின் பின் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, 2009 இல் யுத்தம் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டது. "வடக்கின் வசந்தம்" என்ற திட்டத்தின் கீழ் வீதி, மின்சாரம், நீர்ப்பாசனம் முதலிய வேலைகள் நடந்தன. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்பட்டு யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இடையிலான பயணத்தைக் குறுக்கியது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரியிற் காங்கேசன்துறையையும் வந்தடைந்தது. பாதை இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

பாதை இரு திசையிலும் ஓடும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏ9 திறந்ததும் எங்கள் வெங்காயமும் திராட்சையும் தெற்கே போயின; தம்புள்ளை மரக்கறி வடக்கே வந்தது. நிதி நிறுவனங்களும் வந்தன. குத்தகைக் கடனுக்கு மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் எடுத்தவர் பலர். நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்களின் துயரம் வடக்கிற் பொதுப் பிரச்சினையாகவே மாறியது. உட்கட்டமைப்பு வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பைப் பிடிக்கக் கையில் முதல் உள்ளவரே முதலிற் பிடிக்கின்றனர். நீண்டகாலம் பொருளாதாரத் தடைக்குள் இருந்த பிரதேசத்தில் அந்த முதல் யாரிடம் இருந்திருக்கும்? 1990களில் எரிபொருள், உரம், மின்கலம்கூட உள்ளே வரக் கட்டுப்பாடு இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லையே வளம், எல்லையே சிக்கல்

வேறு நாடுகளும் எல்லைப் பிரதேசங்களுக்கெனத் தனித் திட்டம் வைத்துள்ளன. இந்தியா 1986 – 87 இல் எல்லைப் பிரதேச அபிவிருத்தித் திட்டத்தை மேற்கு எல்லை மாநிலங்களில் ஆரம்பித்தது. மெக்சிக்கோ 1965 இல் ஐக்கிய அமெரிக்க எல்லையோரம் ஏற்றுமதித் தொழிற்சாலைகளை ஊக்குவித்தது. இந்தியத் திட்டம் எல்லையில் வாழும் மக்கள் ஊரைவிட்டுப் போகாதிருக்க வீதி, பாடசாலை, மின்சாரம் கொடுத்தது. மெக்சிக்கோத் திட்டம் மறுபக்கத்தின் பணத்தை இப்பக்கம் இழுக்க முயன்றது. எங்கள் குடாநாட்டில் இரண்டாவது வழியின் சாயல் அண்மைக்காலத்திலே தெரிகிறது. பலாலி விமானத் தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 ஒக்ரோபரில் ஓடத் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் பாக்கு நீரிணை கப்பலுக்கு இணங்காது என்பதைப் புவியியல் மாணவர் எவரும் முன்பே சொல்லியிருக்கலாம்.

சிக்கல் கடலுக்குள் உள்ளது. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இரு நாடுகளின் கடல் எல்லையை வரைந்தன. யுத்த காலத்தில் எங்கள் மீனவருக்குக் கடல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அந்த வெற்றிடத்தில் பெருகின. யுத்தம் முடிந்து எம்மவர் திரும்பிப் போனபோது வலைகள் அறுந்தன. இலங்கை 2017 இல் அடிமட்ட இழுவை மீன்பிடியைச் சட்டத்தாற் தடைசெய்தது. உள்ளூர் இழுவைப் படகுகளையும் அது கட்டுப்படுத்தும் என்பதைக் குறிப்பிடத் தவறவேண்டாம்.

மயிலிட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் நாட்டின் முக்கிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. 1990 இல் மக்கள் வெளியேறினர். 2017 இற் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. 2019 ஓகஸ்டில் அரச செலவிற் புனரமைக்கப்பட்ட துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் முழுமையான வெற்றி. ஆனால் கடற்படை கைப்பற்றிய இந்திய இழுவைப் படகுகள் அங்கு கட்டி வைக்கப்பட்டதனால் தமது படகுகளுக்கு இடமில்லை என மீனவர் முறையிட்டனர். துறைமுகத்தைக் கட்டியது மீன்பிடித் துறை. அதை நிரப்பியது எல்லைப் பிரச்சினை. ஒரே அரசின் இரண்டு கைகள்!

தீவகத்திலிருந்து ஒரு சிறு உதாரணம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளி, காற்று என்பவற்றால் மின்சாரம் வழங்கும் திட்டம் 2021 இற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. தன் கரைக்கு அருகில் அது அமைவதை இந்தியா விரும்பவில்லை. திட்டம் கைமாறி, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. நெடுந்தீவுப் பிள்ளை இரவிற் படிக்கும் விளக்கு கொழும்பில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

பரீட்சையில் எழுதும் முறை

பட்டியல் எழுதாதீர்கள். மூன்று உதாரணம் போதும். ஆனால் ஒவ்வொன்றும் இடம், ஆண்டு, காரணம், விளைவு என்ற நான்கையும் தாங்கியிருக்க வேண்டும். கீழே ஒரு மாதிரிப் பந்தி:

"1970 – 77 காலத்தில் அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக அரசு மிளகாய், வெங்காயம் என்பவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவுக்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டு விவசாயிகள் இதனால் இறக்குமதிப் போட்டியிலிருந்து பாதுகாப்புப் பெற்றனர். கிணற்று நீர்ப்பாசனம், செம்மண், இறைக்கும் இயந்திரம் ஆகியன இருந்தமையால் உற்பத்தியை விரைவாகப் பெருக்க முடிந்தது. எனினும் இதன் செலவை நுகர்வோர் தாங்கினர். 1977 இற் கொள்கை மாறியதும் அப்பாதுகாப்புத் தளர்ந்தது."

ஐந்து வாக்கியங்கள், முழுப் புள்ளி பெறத் தகுதியான விடை. "கண்ணீர் மல்க", "பொன் விளைந்த பூமி" முதலிய அலங்காரங்கள் வேண்டாம். திருத்துபவர் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களுடன் இருப்பவர். அவருக்கு ஆண்டும் காரணமும் கண்ணிற் பட்டாற் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. இலங்கையின் புற உருவப் படத்தில் காங்கேசன்துறை, பலாலி, மயிலிட்டி, ஆனையிறவு, பரந்தன், முருங்கன், நெடுந்தீவு ஆகியவற்றைக் குறிக்க.

2. காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை அமைவதற்கு ஏதுவாக இருந்த மூன்று காரணிகளைத் தந்து, அவற்றுள் இன்றும் நிலைத்திருப்பது எது எனக் காரணத்துடன் கூறுக.

3. நேரடி ஆதரவு, மறைமுக ஆதரவு என்பவற்றைக் குடாநாட்டு உதாரணம் ஒவ்வொன்றால் வேறுபடுத்துக.

4. ஒரு படகு நாளொன்றுக்கு 15 லீற்றர் மண்ணெண்ணெய் பாவிக்கின்றது; மாதத்தில் 20 நாட்கள் தொழிலுக்குச் செல்கின்றது. 2022 ஓகஸ்ட் விலை மாற்றத்தினால் அதன் மாத எரிபொருட் செலவு எவ்வளவால் அதிகரித்திருக்கும்? அத்தொழிலாளி எடுத்திருக்கக்கூடிய இரண்டு தீர்மானங்களைக் கூறுக.

5. உங்கள் கிராமத்தில் அரசின் உதவியால் ஆரம்பிக்கப்பட்டு இப்போது இயங்காத ஒரு நிறுவனம், கட்டடம் அல்லது திட்டத்தைத் தெரிவுசெய்க. அது எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது, ஏன் நின்றது, அவ்விடத்தில் இன்று என்ன உள்ளது என்பவற்றை வயதான ஒருவரிடம் கேட்டறிந்து ஒரு பக்கத்தில் எழுதுக. (அடுத்த வகுப்புக்கு வரும்போது கொண்டுவரவும்.)